நீலக் கட்டம்

வட்டம் சுற்றுகிறது. போனின் நடுவில் அந்தப் பொடி வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கிறது, படம் வருகிற வழியைக் காணோம். சங்கக் கொட்டகையில் இந்தச் சன்னலின் இடது கம்பிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் நிற்கும், ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போய்விடும், அதனால் கையைத் தூக்கிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தபடி நிற்கிறேன், தோள்பட்டை கடுக்கிறது, வெளியே உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிறது. மதியத்துக்கு மேல்தான் ஐரோப்பியக் கணினி தன் புதுக் கணக்கை வெளியிடும். உலகத்துக் காற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, வரப்போகிற நாட்களில் எங்கே மேகம், எங்கே வெயில் என்று படம் படமாகப் போடும். அதைப் பார்த்து எங்கள் ஊர் அளக்கரைக்கு என்ன என்று பிரித்துச் சொல்வது என் வேலை. சம்பளத்துக்கு அல்ல. சம்பளம் இந்தச் சிறு உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் ரசீது போடுவதற்கு. மழை சொல்வது நானாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. மற்ற மாதங்களில் அது பெரிய வேலையும் இல்லை. சித்திரையில் வெயில் என்று சொல்ல ஒரு கணினி எதற்கு. ஆனால் புரட்டாசி பாதியைத் தாண்டிவிட்டால் வானத்துக்குப் புத்தி நிலைகொள்ளாது. மேற்கேயிருந்து அடித்த மேல்காற்று போகிறேன் போகிறேன் என்கிறது, போகவில்லை. கடலிலிருந்து வரவேண்டிய கொண்டல் வருகிறேன் வருகிறேன் என்கிறது, வரவில்லை. வீட்டைக் காலி செய்கிறவனும் புதிதாகக் குடி வருகிறவனும் ஒரே வாசலில் சட்டி பானையோடு முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு நேரம். அந்த வாசலில் எங்கள் உப்பு கிடக்கிறது.

இன்றைக்கு வியாழன். பாத்திகளில் உப்பு விளைந்துகொண்டிருக்கிறது, இன்னும் முற்றவில்லை. சனிக்கிழமை வரை வெயில் நின்றால் கல் கல்லாகத் திரளும். கடைசிப் புரட்டாசிச் சனியன்று பெருமாளுக்குக் கற்பூரம் காட்டி, சுண்டல் கொடுத்து, வருஷத்தின் கடைசி வாரலை வாருவது எங்கள் ஊர் வழக்கம். பிறகு குவித்த உப்பு அம்பாரத்தைக் கீற்று போட்டு மூடிவிட்டால் தை வரை அளம் தூங்கும். அதற்குள் ஒரு நல்ல மழை இறங்கினால் போச்சு, உப்பு இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கும், விழுந்து அழுவதற்குப் பிணம் கூட மிஞ்சாது. மழை வரும் என்றால் இன்றைக்கே வார வேண்டும், அதுவும் விளக்கு வைப்பதற்குள். விளக்கு வைத்த பிறகு எங்கள் ஊரில் ஒரு பிடி உப்பை யாரும் தொடமாட்டார்கள், அடுக்களையில் இருந்தாலும் சரி, அளத்தில் இருந்தாலும் சரி. ஆக, இந்த வட்டம் சுற்றி முடித்துப் படம் வந்து, நான் பார்த்து, யோசித்து, வாயைத் திறப்பதற்கு இந்த வெயில் சாய்கிற வரைக்கும்தான் நேரம். வாயைத் திறக்காதே என்று காலையிலேயே எனக்கு உத்தரவு ஆகிவிட்டது. சுகந்தி வந்திருந்தாள், என் தங்கை. கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் அளத்தில் குனிந்து வாரியவள், இந்த வருஷம்தான் முதல்முதலாகத் தன் பேரில் பாத்தி குத்தகைக்குப் பிடித்தாள். மற்றவர்களுக்குக் கடைசி வாரல், அவளுக்கு அது இன்னும் முதல் வருஷம். வாசலோடு நின்றாள், உள்ளே வரவில்லை. “இந்தத் தடவ நீ வாயத் தொறக்காதக்கா” என்றாள். நான் என்னடி பண்ணுனேன் என்றேன். “நீ ஒண்ணும் பண்ணல. நீ சொன்னதக் கேட்டு நான்தான் பண்ணுனேன்.” டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது, குடிக்காமலே போனாள். கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவள் கெஞ்சினாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆவணிக் கடைசியில் ஒரு தடவை, இந்த மாதம் பிறந்தபோது ஒரு தடவை, சாயங்காலம் மேற்கிலிருந்து இடிமழை வரும் என்று அடித்துச் சொன்னேன். மேகம் வராமல் இல்லை. மேற்கே தலைஞாயிறு ஊர் வரைக்கும் கன்னங்கரேலென்று ஏறி வந்து, அங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களுக்குக் கொஞ்சம் குளிர்ந்த காற்றை மட்டும் அனுப்பிவைத்தது. என் பேச்சைக் கேட்டு முற்றாத உப்பை வாரியவர்களிடம் வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, இது உப்பா ரவையா, கிண்டினா உப்புமா வந்துரும்போலயே என்றானாம். அந்த இரண்டு தடவையும் முதலில் பாத்தியில் இறங்கியவள் சுகந்தி. அக்கா சொன்னால் இறங்காமல் இருப்பாளா. இப்போது டீக்கடையில் ஒரு பேச்சு ஓடுகிறது, வேதாக்கா மழைன்னு சொன்னா துணியத் தைரியமா காயப் போடலாம் என்று. வேதநாயகி என்று அம்மன் பேரை வைத்தார்கள், அந்தப் பேரில் ஊரே துணி காயப்போடுகிறது. சிரிக்கட்டும், சிரிப்பால் தோல் உரியாது. ஆனால் மூன்றாம் தடவையும் புலி வருது என்று நான் கத்தி, புலி வராமல் போனால், ஐப்பசியில் நிஜப் புலி வரும்போது எவன் திரும்பிப் பார்ப்பான்? சும்மா இருந்துவிட்டால் தங்கை டீ குடிப்பாள், ஊர் சிரிக்காது. சும்மா இருந்து பெய்துவிட்டால்? பெய்தால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை, நீதான் ஒன்றும் சொல்லவில்லையே, வானம் செய்தது என்பார்கள். சொல்லித் தப்பானால் என் தப்பு, சொல்லாமல் தப்பானால் வானத்தின் தப்பு. எவ்வளவு சொகுசான ஏற்பாடு. அதை நினைக்கும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. வட்டம் இன்னும் சுற்றுகிறது. புளிச்சோற்று டப்பாவை ஒற்றைக் கையால் திறந்து இரண்டு வாய் போட்டுக்கொண்டேன், கடலையில் ஒன்று சொத்தை.

நேற்றைய கணக்கில் அந்தமானுக்கும் நமக்கும் நடுவே கடலில் ஒரு காற்றுச் சுழற்சி இருந்தது. அமெரிக்கக் கணினி அதை ஆந்திராவுக்கு ஏற்றிவிடுகிறது, நமக்குச் சுத்தமான வெயில். ஐரோப்பியக் கணினி அதைக் கீழே இறக்கி, எங்கே போவது என்று தெரியாமல் அலையவிடுகிறது. அது ஒரு தடவை கணக்குப் போட்டு நிறுத்துகிற ஆளும் இல்லை. ஆரம்பத்தில் காற்றை ஒரு துளி கூட்டி, சூட்டை ஒரு துளி குறைத்து, ஐம்பது தடவை போட்டுப் பார்க்கும். ஐம்பதும் ஒரே மாதிரி வந்தால் நிச்சயம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், பெண் பார்க்கப் போய்விட்டு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி, எவர் பேச்சையும் வைத்து முடிவு கட்ட முடியாது. நேற்று ஐம்பதில் பதினைந்து நனைந்திருந்தது. அதை அப்படியே ஊரில் சொன்னால், அப்ப பெய்யாதுன்னு சொல்லு என்பார்கள். ஐம்பது புதரில் பதினைந்தில் பாம்பு இருக்கிறது, எந்தப் புதர் என்று தெரியாது, கையை விடுவீர்களா என்று ஒருநாள் கேட்டேன். அதற்குப் பக்கிரிசாமி அண்ணன், அவர்தான் சங்கத் தலைவர், “வெறகு வேணும்னா விட்டுத்தான ஆவணும்” என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அமெரிக்கா பிடித்திருக்கிறது. காலையிலிருந்து அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன், அழகான மஞ்சள் வெயில், சனிக்கிழமை, சுண்டல், சுகந்தியின் கூடையில் கல் உப்பு. பிடித்திருக்கிறது என்பதுதான் பயமாக இருக்கிறது. மனசு எந்தப் படத்தின் பக்கம் சாய்கிறதோ அந்தப் படத்தை இன்னொரு தடவை தட்டிப் பார்க்கவேண்டும்.

கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு கரண்டு இல்லாமல் கிடந்த அந்த நாட்களில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. தலைக்கு மேல் கூரை இல்லை, படுத்தால் நட்சத்திரம், பக்கத்தில் சுகந்தி மழைத்தாளைப் போர்த்திக்கொண்டு இருமுவாள். புயல் வருகிறது என்று எல்லாரும் சொன்னார்கள், எங்கள் தெருவுக்கு எப்படி வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இனி எனக்குத் தெரியாமல் எதுவும் வந்து என் கூரையைத் தூக்கக்கூடாது என்று ஒரு வெறி. டவர் வந்ததும் முதல் வேலையாக வானிலைப் படங்களைத் தேடித் தேடிப் படித்தேன், பாதி புரியாது, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். கணினி பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு கட்டம் ஒன்று நிலம், இல்லாவிட்டால் கடல், நடுவில் வேறு பேச்சு கிடையாது. எங்கள் ஊரோ கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சூண்டு மண். அந்த மூக்கு அதன் கண்ணில் படவில்லை. கணினியின் படத்தில் அளக்கரை நீலம். ரேஷன் கார்டும் ஓட்டும் கரண்டு பில்லும் உள்ள நாங்கள் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருக்கிறோம். ஊர் ஆட்களின் போனில் வருகிற மழைப்படம், வெயில்படம் எல்லாம் அந்த நீலக் கட்டத்துக்குப் போட்டது, அதை நம்பாதீர்கள், மேற்கே ஒட்டினாற்போல் இருக்கிற நிலக் கட்டத்தைப் பார்த்து நான் சொல்கிறேன் என்று வீடு வீடாகச் சொன்னேன். “அப்ப நாமல்லாம் மீனா?” என்றார் பக்கிரிசாமி அண்ணன். அதுவே ஊர் வசனம் ஆகிவிட்டது. போனில் மழைப்படம் வந்தால் யாராவது ஒருவர், அது மீனுக்குடா என்பார், எல்லாரும் சிரிப்போம். நான் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஊர் முழுக்கத் தப்பில்லாமல் படித்தது அந்த ஒன்றைத்தான்.

வந்துவிட்டது. வட்டம் நின்று படம் விரிகிறது. இன்றிலிருந்து சனி வரை, என் நிலக் கட்டம், தொடுகிறேன். காய்ந்து கிடக்கிறது. ஐம்பதையும் விரிக்கிறேன், இரண்டோ மூன்றோ தவிர அத்தனையும் காய்ந்து கிடக்கிறது. நேற்றுப் பதினைந்து இன்றைக்கு மூன்று. அப்பாடா. தோள்பட்டை வலி கூடப் போய்விட்டது போலிருக்கிறது. அம்மா தாயே, சனிக்கிழமை சுண்டல் சாப்பிடலாம், சுகந்தி டீ குடிக்கலாம். உடனே சங்கக் குரூப்பைத் திறந்து மைக்கை அழுத்தினேன், “எல்லாருக்கும் வணக்கம், வேதா பேசுறேன், பயப்படுற மாதிரி ஒண்ணும்” என்று ஆரம்பிக்கும்போது விரலில் வியர்வை, போன் வழுக்கிற்று, பிடித்த பிடியில் எதையோ தொட்டுப் பேச்சு அறுந்து, போனில் தானாக இருக்கிற வானிலைப் பக்கம் திறந்துகொண்டது. அளக்கரை. நாளை விடியல். மேகம், கீழே மூன்று துளி, நடுவில் மின்னல். மீனுக்குடா என்று வாய் தானாகச் சொல்லிற்று, சிரிப்பும் தானாக வந்தது, வந்து பாதியில் நின்றது. ஏன் விடியலில்? சாயங்காலம் இல்லை, விடியலில். நிலம் வெயிலில் காய்ந்து கிளப்புகிற மழை சாயங்காலத்து மழை, அது மேற்கிலிருந்து வரும், அதற்கு நிலக் கட்டத்தைத்தான் பார்க்கவேண்டும். இது அது இல்லை. கடலில் ராத்திரி முழுக்கத் திரண்டு, விடியும் நேரத்தில் கரையேறி, கரை ஓரமாகவே கொட்டிவிட்டு உள்ளே போகத் தெம்பில்லாமல் கலைகிற மழை. கொண்டல் கொண்டுவருகிற மழை. அது நிலக் கட்டத்தை எட்டவே எட்டாது, அதனால்தான் அது காய்ந்து கிடக்கிறது. எங்களைத் தாண்டித்தான் நிலக் கட்டம். நாங்கள் கடலுக்குப் பக்கத்தில், அதன் மடியில். காற்றுப் படத்தைத் திறக்கிறேன், இன்று வரை மேற்கேயிருந்து வந்த அம்புகள் இன்று ராத்திரிக்கு மேல் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, விடியும்போது அத்தனையும் கடலிலிருந்து எங்களைப் பார்த்து. நீலக் கட்டத்தின் ஐம்பதை விரித்து எண்ணுகிறேன். நாற்பதுக்கு மேல் நனைந்திருக்கிறது.

இல்லை, பொறு. அவசரப்படாதே. மழை மழை என்று அலைகிறவளுக்கு எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் மழை தெரியும். நிலத்தில் இல்லை என்றதும் கடலுக்குப் போகிறாய், கடலிலும் இல்லை என்றால் எங்கே போவாய், இலங்கைக்கா? அமெரிக்கக் கணினி இன்னமும் இல்லை என்கிறது, இதோ பார், மஞ்சள் வெயில். ஆனால் அந்த இரண்டு தடவையும் ஊர் ஆட்களின் போனில் என்ன காட்டியது? வெயில். மேற்கே மேகம் கறுத்து வரும்போதும் போன் வெயில் என்றது, சுகந்தி கூட அதைக் காட்டிக் கேட்டாள், அது மீனுக்குடி என்றேன். மீனுக்குச் சொன்னதுதான் நடந்தது. இதை இவ்வளவு நாள் ஏன் நான் பார்க்கவில்லை. கணினிக்கு எங்கள் ஊர் தெரியவில்லை என்று இத்தனை வருஷம் கேலி செய்தேன், எனக்கும் எங்கள் ஊர் பாதிதான் தெரிந்திருக்கிறது. மேற்கே திரும்பி நின்று பழகிவிட்டேன், கழுத்து அப்படியே நின்றுவிட்டது. சன்னல் வழியாகப் பார்க்கிறேன், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இந்த வானத்தின் கீழ் நின்று வாருங்கள் என்று சொல்லவேண்டும். சுகந்தியின் பாத்தியில் இன்னும் இரண்டு வெயில் பாக்கி. நாற்பது என்றால் மீதிப் பத்தும் இருக்கிறது, அந்தப் பத்தில் ஒன்று நிஜமானால் அவள் என் வாசலை மிதிக்கமாட்டாள். தெரியும். தெரிந்துதான் சொல்லப்போகிறேன். பார்க்காமல் இருந்திருந்தால் வேறு, பார்த்துவிட்டேன். பார்த்ததை விழுங்கிவிட்டு ரசீது போட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

மைக்கை அழுத்தினேன், இந்த முறை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு. “எல்லாருக்கும் வணக்கம். வேதா பேசுறேன். நாளைக்கு விடியறதுக்குள்ள கடலு பக்கமிருந்து மழை வருது. இன்னைக்கு வெளக்கு வைக்கிறதுக்குள்ள வாரி மூடிடுங்க. உங்க போன்ல மழைப்படம் இருக்கும். அது கடலுக்குப் போட்டது, கண்டுக்காதீங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன். இன்னைக்கு அது நமக்கும் சேத்துத்தான். நாளைக்கு ஒரு நாளு நம்மூரு கடலுதான். அமெரிக்காக்காரன் கணக்கு மழை இல்லங்குது, அதையும் மறைக்கல. நான் வாரச் சொல்றேன்.” அனுப்பியாயிற்று, திரும்ப எடுக்க முடியாது. பிறகு சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. ஒருவர் கொடியில் துணி காயும் படம் போட்டார். இன்னொருவர் ஒரு விரால் மீன். பிறகு பக்கிரிசாமி அண்ணனே கூப்பிட்டார். “என்ன வேதா, சனிக்கெழமை சுண்டலுக்குக் கொண்டக்கடல சொல்லிவச்சுட்டேன். நீ இன்னைக்கே வாருங்குற.” சுண்டல சனிக்கெழமயே குடுங்கண்ணே, உப்ப இன்னைக்கு வாருங்க என்றேன். “போன வாட்டியும் இப்புடித்தான் அடிச்சுச் சொன்ன.” போன வாட்டி மேக்க பாத்துச் சொன்னேன், இன்னைக்குக் கெழக்க பாத்துச் சொல்றேன் என்றேன். “அமெரிக்கா இல்லங்குதுன்னு நீயேதான சொல்ற?” “அமெரிக்காவுக்கு இங்க பாத்தி இல்லண்ணே.” அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வெற்றிலையைக் குதப்புகிற சத்தம் கேட்டது. “பாக்குறேன்” என்று வைத்துவிட்டார். எங்கள் ஊரில் பார்க்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம், எப்போதாவது மட்டும் பார்க்கிறேன் என்று அர்த்தம். எதுவாக இருந்தாலும் இனி அது அவர் பாடு. கொட்டகையைப் பூட்டி, மூலையில் சாத்தியிருந்த உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினேன். சொல்லிவிட்டு நிழலில் உட்காருகிறவளின் பேச்சை எவரும் நம்பவேண்டாம்.

சுகந்தி தன் பாத்திக்கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன், அதிலிருந்து என் குரல், நம்மூரு கடலுதான் என்கிற இடத்தில் நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. “வாயத் தொறக்காதன்னேன்ல.” தொறந்துட்டேன் என்றேன். சேலையை வரிந்து செருகிக்கொண்டு பாத்திக்குள் காலை வைத்தேன், குதிகால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறி உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்றது. எவ்வளவு நாளாயிற்று நான் இதில் இறங்கி. ரசீது எழுதுகிற கால் மென்மையாகிவிட்டது. குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன், ஓரம் கட்டியிருக்கிறது, நடுவில் இன்னும் பள்ளம். இரண்டு வெயில் போதும் இதற்கு, அழகாக மூடிக்கொள்ளும், இவள் கை வைத்து வளர்த்த கல். வாராதே, இவள் பாத்தியை மட்டும் விட்டுவிடு, ஊருக்குச் சொல்லிவிட்டாய் போதும், என்று உள்ளே ஒரு குரல் நைசாகப் பேசிற்று. நான் பலகையை ஊன்றினேன். தூரத்தில் பக்கிரிசாமி அண்ணன் அளத்துப் பக்கம் ஒன்றிரண்டு தலைகள் தெரிந்தன, வாருகிறார்களா வேடிக்கை பார்க்கிறார்களா தெரியவில்லை, கானலில் எல்லாம் ஆடிற்று. “வரலன்னா?” என்றாள் சுகந்தி. காலையில் கெஞ்சிய அதே குரல்தான், ஆனால் இப்போது கேள்வி நிஜமாகவே கேள்வி. வரும் என்று சத்தியம் பண்ணச் சொல்கிறாள். பண்ணலாம், ஒரு வார்த்தை, அவளுக்கு எவ்வளவு ஆறுதல். ஐம்பதில் நாற்பதை வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணக்கூடாது. “வரலன்னா நாளைக்கும் படத்தப் பாப்பேன்” என்றேன். “பாத்தத சொல்லுவேன்.” “துணி காயப் போடுவாளுவ.” “போடட்டும்.” கடலைப் பார்த்திருந்த வலது கன்னத்தில் வியர்வை காய்கிற மாதிரி இருந்தது, காற்றா, நினைப்பா, திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. பாத்தியின் நடுவில் பலகையை வைத்து முதல் இழுப்பு இழுக்கப்போனேன். பின்னால் தண்ணீர் சளசளத்தது. இன்னொரு பலகையோடு அவள் இறங்கியிருந்தாள், முகத்தைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“நடுவுல ஆரம்பிக்காத. அந்த மூலையிலேருந்து வாரு, அங்கதான் கல்லு பெருசு” என்றாள்.